மாப்பிள்ளை மூட்டிய அடுப்பு

பாக்கர் குடைமிளகாயை ஒவ்வொன்றாக எடுத்துத் தராசுத் தட்டின் மேல் நிறுத்திப் பார்க்கிறார். நின்றால் பைக்குள் போகும். சாய்ந்தால் கூடைக்குத் திரும்பும். நின்ற காயையும் விரலால் ஒரு சுண்டு சுண்டிய பிறகுதான் நம்புவார். பின்னால் ஆட்கள் சேர்ந்துவிட்டார்கள். காய்கறிக் கடை முத்துகிருஷ்ணன் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டுக் கேட்டேவிட்டார்.

"ஏன் பாய், காய் வாங்க வந்தீகளா, பொண்ணு பாக்க வந்தீகளா?"

"சாயிற காயி அடுப்புல என் மானத்தை வாங்கிரும்யா. உள்ள வச்ச கறியெல்லாம் கொட்டிப்போகும்."

"அப்ப படுக்கப் போட்டுச் சமைங்க."

"நீ படுத்துக்கிட்டா சாப்புடுவ?"

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். பாக்கர் சிரிக்கவில்லை. அடுத்த காயை நிறுத்திக்கொண்டிருந்தார்.

நாற்பதைத் தாண்டியவர். உயரம் குறைவு, தோள் அகலம். வலது முன்கையில் ஒரு முடிகூடக் கிடையாது. மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை வழவழவென்று இருக்கும். சவூதியில், தம்மாமில் ஒரு சுட்ட கறிக் கடையில் இளமை முழுவதும் நெருப்புக்கு முன்னால் நின்றவர். முதலாளி கடையை விற்றுவிட, போன வருடம் கீழக்கரைக்கே திரும்பி வந்துவிட்டார். மற்றவர்கள் பெட்டி நிறைய சென்ட் பாட்டில் கொண்டுவருவார்கள். இவர் பெட்டியிலிருந்து வந்தது நீளமான ஓர் இடுக்கியும், கறியில் குத்திச் சூடு பார்க்கிற கருவியும்தான். கருவி வந்த வாரமே கெட்டுப்போனது. அதைப் பற்றி அவருக்குக் கவலையே இல்லை. உள்ளங்கையை அடுப்பு மூடிக்கு மேலே விரித்துப் பிடித்து, வாய்க்குள் குர்ஆனின் சின்ன அத்தியாயமான 'குல்ஹு' சூராவை ஓதுவார். "ஓதி முடிக்கிற வரைக்கும் கை தாங்கணும். அதுக்கு முன்னாடி சுட்டுச்சின்னா நெருப்பு சாஸ்தி" என்பார். எவ்வளவு அழகான அளவு!

அடுப்பு என்று அவர் சொல்வது ஓர் இரும்பு டிரம். படுக்கவைத்து, நீளவாக்கில் இரண்டாக அறுத்து, மேல்பாதிக்குக் கீல் வைத்து மூடியாக்கி, நான்கு கால் கொடுத்து, ஓர் ஓரத்தில் புகைபோக்கி வைத்திருக்கிறார். எதிர் ஓரத்தில், அடியில், காற்று போக ஓர் ஓட்டை. கரி ஓட்டைப் பக்கம் கனன்றுகொண்டிருக்கும். காய் தள்ளி, மறுபக்கம் இருக்கும். நெருப்பு காயைத் தொடாது. சூடும் புகையும் மட்டும் தொடும். அவர் அதை ஸ்மோக்கர் என்கிறார். மாமியார் வீட்டில் அதற்குப் பெயர் 'தார் டின்னு'.

கரியும் விறகும் எங்கும் தேட வேண்டாம். ராமநாதபுரம் மாவட்டத்தில் எதற்குப் பஞ்சம் வந்தாலும் சீமைக்கருவேலத்துக்குப் பஞ்சம் வராது. அதைப் பற்றி அவரிடம் கேட்கவே கூடாது. கேட்டால் கையிலிருக்கிற வேலையை வைத்துவிடுவார்.

"தம்மாம்ல அமெரிக்காவுலேருந்து மூட்டை மூட்டையா வெறகு வரும். மெஸ்கீட்டுன்னு பேரு. மொதலாளி அதப் பூட்டி வச்சிருப்பாரு, நகை மாதிரி. மொத நாளு ஒரு கட்டையப் பத்த வச்சி மோந்து பாக்குறேன்... ஏலே, இது நம்மூரு கருவேலமுள்ளுடா! கம்மாக்கரை வாடை அப்புடியே வருது. அங்கனயே குத்தவச்சி ஒக்காந்துட்டேன். கூட வேல பாத்த பய, பாக்கருக்கு மயக்கம் வந்துருச்சின்னு தண்ணி கொண்டாந்துட்டான்."

சொல்லிவிட்டு மூக்கை உறிஞ்சிக்கொள்கிறார்.

அவருடைய கடைக்குட்டி மச்சினி அம்ரீன் என்னோடு கல்லூரியில் படிக்கிறவள். அவள் அழைத்துத்தான் அந்த வெள்ளிக்கிழமை விருந்துக்குப் போயிருந்தேன். ஊர் வழக்கத்தையும் அவள்தான் விளக்கினாள். கீழக்கரையில் வீடு பெண்பிள்ளைக்கு. கல்யாணமானால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வந்து குடியிருப்பார். பாக்கர் பிறந்த வீடு அவருடைய தங்கைக்குப் போய்விட்டது. இப்போது இருப்பது மனைவி ஜஸீலாவின் வீடு.

"இந்த ஊருல ஆம்பளைக்குன்னு ஒரு அடுப்பாங்கரை கெடையாதும்மா" என்றார் பாக்கர். "உம்மா அடுப்பு, பொண்டாட்டி அடுப்பு. ரெண்டு எடத்துலயும் நம்ம விருந்தாளிதான்." குறையாகச் சொல்லவில்லை. மழை வரும்போலிருக்கிறது என்பதுபோலச் சொன்னார்.

அடுப்பாங்கரை மாமியார் நஸீரா மாமியின் ஆட்சியில் இருக்கிறது. நெடிய, மெலிந்த உருவம், கணீரென்ற குரல். மாப்பிள்ளை என்றால் உட்கார்ந்து சாப்பிடுகிறவர். அவர் கரண்டியைத் தொடுவது அந்த வீட்டுக்கே இழுக்கு. அதனால் பாக்கரின் டிரம் கொல்லையில், கிணற்றடியில் நிற்கிறது. மாமியும் மருமகனும் நேருக்கு நேர் பேசிக்கொள்வதும் இல்லை. சண்டையெல்லாம் ஒன்றுமில்லை, மரியாதை. மாமி அடுப்பாங்கரைக் கதவுக்குப் பின்னால் நின்று பேசுவார். பாக்கர் ஜஸீலா இருக்கும் திசையில் சத்தமாகப் பதில் சொல்வார். அந்தத் திசையில் ஜஸீலா இருக்க வேண்டும் என்றுகூட அவசியமில்லை.

இப்போது அவருக்கு ஓர் ஆசை. கடற்கரைச் சாலையில் காதர் மைதீன் என்பவரின் சின்னக் கடை ஒன்று காலியாகக் கிடக்கிறது. அங்கே டிரம்மைக் கொண்டுபோய்ப் போட்டு, சாயங்காலம் சுட்டு விற்க வேண்டும். காதர் மைதீன் நாளைக்குள் பதில் கேட்கிறார். "மாமி சரின்னு சொல்லாம நான் ஒரு செங்கல்லக்கூட நகட்ட மாட்டேன்" என்று பாக்கர் சொல்லிவிட்டார். மாமியோ சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. ஏனென்றால், "எங்க மாப்புள அங்க சூப்பர்வைசரு" என்று அத்தனை வருடமாகத் தெரு முழுக்கச் சொல்லிவைத்தவர் அவர்தான். அதிலும் எதிர்வீட்டு உம்முசல்மாவிடம் சொன்ன அளவுக்கு வேறு யாரிடமும் சொன்னதில்லை. சூப்பர்வைசர் தெருவோரம் நின்று காய் சுட்டால் உம்முசல்மா என்ன சொல்வாள்?

அதனால்தான் இந்த விருந்து. வாயால் கேட்க முடியாததை பாக்கர் குடைமிளகாயை வைத்துக் கேட்கிறார்.

காயின் தலையைத் தொப்பிபோல அரிந்து தனியே வைத்தார். விதையை வழித்தார். வதக்கிய ஆட்டுக்கறிக் கொத்தும், அரைவேக்காட்டுச் சீரகச் சம்பாவும், புதினாவும், கெட்டித் தேங்காய்ப்பாலும் கலந்து உள்ளே நிரப்பினார், விளிம்புக்கு ஒரு விரல் இடம் விட்டு. "அரிசி உள்ள பூக்கணும்ல. எடம் குடுக்காட்டி முட்டிக்கிட்டு வெளிய வந்துரும்." கடைசியில் அவரவர் தொப்பி அவரவர் தலைக்கு. எந்தத் தொப்பி எந்தக் காய்க்கு என்பதை அவர் ஒருமுறைகூட மாற்றிவைக்கவில்லை.

கதவுக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது.

"ஜஸீலா! கறிக்கு உப்பு பாக்கலையான்னு கேளு."

"ஜஸீலா! உப்பு வாடையிலயே தெரிஞ்சிரும்னு சொல்லு."

"ஜஸீலா! வாடையில உப்பு பாக்குற ஆள இப்பத்தான் பாக்குறேன்னு சொல்லு."

நடுவில் வெங்காயம் அரிந்துகொண்டிருந்த ஜஸீலா நிமிரவே இல்லை. "நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன். ரெண்டு பேருக்கும் காது நல்லாத்தான் கேக்குது."

காய்கள் ஒன்றோடொன்று தோள் உரச டிரம்முக்குள் நின்றன. மூடி விழுந்தது. புகைபோக்கியிலிருந்து புகை நூலாக வந்தது. "இப்புடித்தான் இருக்கணும். தெரிஞ்சும் தெரியாம. வெள்ளையாத் தெரண்டு வந்துச்சின்னா காயெல்லாம் கசந்துரும்." பொழுது சாய்ந்து மஃரிபு தொழுகைக்குப் பாங்கு சொன்னார்கள். "மூடிய மட்டும் யாரும் தொறந்துறாதீக" என்று பொதுவாகச் சொல்லிவிட்டுப் பள்ளிவாசலுக்குப் போனார். ஜஸீலாவும் தொழ உள்ளே போனாள்.

அவர் போன கொஞ்ச நேரத்தில் கடல் காற்று திரும்பியது. டிரம்மின் அடி ஓட்டை வழியாக நேராக உள்ளே புகுந்து கரியை ஊதியது. புகை வெளுத்தது. பிறகு திரண்டது. பிறகு குபுகுபுவென்று கிளம்பிக் கிணற்றடியையே மறைத்தது. இரும்பு படபடவென்று சத்தம் போட்டது.

"உம்மா, நான் போயி மூடியத் தொறக்கவா?" என்று அம்ரீன் பதறினாள்.

"தொடாத!" அடுப்பாங்கரைக் கதவு திறந்தது. "தொறந்தா இன்னும் காத்து பூந்து தீப்புடிச்சிக்கிரும்."

நஸீரா மாமி வெளியே வந்தார். கையில் சட்டி இறக்குகிற கைப்பிடித் துணி. அதை வாளித் தண்ணீரில் முக்கிப் பிழிந்தார். டிரம்முக்கு முன்னால் மண்டியிட்டார். அடி ஓட்டையைத் தேடி, துணியைத் திணித்து, ஓர் ஓரத்தில் மட்டும் விரல் நுழைகிற இடைவெளி விட்டார். பிறகு அங்கேயே உட்கார்ந்து புகைபோக்கியைப் பார்த்துக்கொண்டிருந்தார். புகை மெலிந்தது. மீண்டும் நூலானது. "எரியிற அடுப்ப விட்டுட்டுப் போறாக பாரு" என்று முணுமுணுத்துக்கொண்டே எழுந்து சேலையைத் தட்டிவிட்டு உள்ளே போனார். கதவு பழையபடி ஒருக்களித்தது.

பாக்கர் திரும்பி வந்ததும் முதலில் புகைபோக்கியைப் பார்த்தார். பிறகு குனிந்தார். ஓட்டையில் செருகியிருந்த துணியைப் பார்த்தார். அது யார் துணி என்பது அந்த வீட்டில் எல்லாருக்கும் தெரியும். பிறகு குரலை உயர்த்தினார்.

"ஜஸீலா! யாரோ ஒரு மலக்கு வானத்துலேருந்து எறங்கி வந்து அடுப்பப் பாத்துட்டுப் போயிருக்காக போல."

"மலக்குகளுக்கு வேற வேலை இல்ல பாரு!" என்றது கதவு.

சாப்பாடு இரவு இஷா தொழுகைக்குப் பிறகு. உள்ளறையில் பாய் விரித்து, நடுவே சஹன் என்கிற பெரிய தட்டை வைத்து, பெண்கள் நாங்கள் சுற்றி உட்கார்ந்தோம். எல்லாருக்கும் ஒரே தட்டு. பாக்கருக்கு முன்கூடத்தில் தனியாக. நடுவில் ஒரு சுவர், அவ்வளவுதான். குடைமிளகாய்கள் தோல் சுருங்கி, தேன் நிறத்தில் நின்றன. ஒன்றுகூடச் சாயவில்லை! தொப்பியைத் தூக்கினால் ஆவி. பூத்த அரிசியில் கறியின் சாறு ஏறியிருந்தது. அதற்குள் எங்கோ, ஒரு நினைவுபோல, கருவேலப் புகை. சத்தியமாகச் சொல்கிறேன், எனக்கு அழுகை வந்துவிட்டது. பக்கத்தில் இருந்த அம்ரீன், "காரமா?" என்று தண்ணீரை நகர்த்தினாள்.

சுவருக்கு அந்தப் பக்கம் சத்தமே இல்லை. தட்டில் விரல் படுகிற சத்தம்கூட இல்லை.

மாமி ஒன்றை எடுத்தார். பிளந்தார். தின்றார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

"எப்புடிம்மா இருக்கு?" என்றாள் ஜஸீலா.

"உப்பு கூடல."

"கொறையவும் இல்லைல?"

"வாயை மூடிக்கிட்டுத் தின்னு."

இரண்டாவதையும் மாமியே எடுத்தார். முழுவதும் தின்றார். விரலை ஒவ்வொன்றாகச் சப்பினார். பிறகு எழுந்து கை கழுவிவந்து, அலமாரியிலிருந்து விருந்தாளிக்கு எடுக்கிற பீங்கான் தட்டை இறக்கினார். மிச்சமிருந்ததில் நல்லதாக மூன்றைப் பொறுக்கி வைத்து, பூவேலை செய்த துணியால் மூடினார். தலையில் துப்பட்டியை இழுத்து விட்டுக்கொண்டார்.

"எங்க போறீக உம்மா?" என்றாள் ஜஸீலா.

பெண்கள் பக்கத்து வீடுகளுக்குப் போவது கொல்லைப்புறச் சந்து வழியாகத்தான். மாமி கொல்லைப் பக்கம் திரும்பவில்லை. நேராக முன்கூடத்துக்குள் நடந்தார். தட்டைத் தொடாமல் உட்கார்ந்திருந்த பாக்கர் திடுக்கிட்டு எழுந்து, எங்கே பார்ப்பது என்று தெரியாமல் சுவரைப் பார்த்து நின்றார். மாமி அவரைக் கடந்து போய்த் தெருக்கதவின் தாழை நீக்கினார். நாங்கள் வாசலுக்கு ஓடினோம்.

"உம்முசல்மா! கதவத் தெற."

எதிர்வீட்டுக் கதவு திறந்தது. "என்ன லாத்தா, இந்நேரத்துல? என்ன அது தட்டுல?"

"எங்க மாப்புள சமைச்சது."

"ஆரு... சூப்பர்வைசரா?"

தெருவில் போன ஒரு சைக்கிள்கூட மெதுவானது போலிருந்தது எனக்கு. மாமி குரலை இறக்கவில்லை.

"சூப்பர்வைசரும் இல்ல, ஒண்ணும் இல்ல. அங்க அடுப்புல நின்னுதான் என் மகளுக்குச் சோறு போட்டாக. இங்கனயும் அடுப்பு போடப் போறாக, கடக்கரை ரோட்டுல."

உம்முசல்மா வாயைத் திறப்பதற்குள் மாமி பூவேலைத் துணியைத் தன் கையாலேயே விலக்கி, தட்டை அவளுடைய மூக்குக்கு நேராக உயர்த்திப் பிடித்தார்.