மூன்று என்று எழுதியவன்

என் மேசை இழுப்பறையில் ஒரு காஸ் துணி இருக்கிறது. அறுவைச் சிகிச்சையின்போது இரத்தத்தை ஒற்றி எடுக்கும் வகை. எட்டு மடிப்பு, ஓரங்கள் உள்ளே திருப்பப்பட்டு, ஒரு நூல்கூட வெளியே தெரியாது. மடித்தவர் என் சித்தி, அம்மாவின் தங்கை. ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து பஸ்ஸில் இராஜபாளையம் போய், ஒரு பேண்டேஜ் கம்பெனியில் இருபத்திரண்டு ஆண்டுகள் இதையேதான் மடித்தார். இந்தத் துணி, முடக்குவாதம் அவர் விரல்களைப் பிடித்து, ஒரு சோதனை மருந்து அவற்றைத் திருப்பிக் கொடுத்தபின், அந்த மருந்தின் ஐந்தாவது மாதத்தில் மடித்தது.

அந்த மருந்து ஒரு நானோபாடி. ஒட்டகம், லாமா போன்ற விலங்குகளின் இரத்தத்தில் நம்முடையதைவிட எளிய அமைப்புள்ள எதிர்ப்பொருள்கள் உண்டு. அவற்றின் நுனியை மட்டும் தனியே எடுத்து ஆய்வகத்தில் திருத்தி அமைக்கிறார்கள். முடக்குவாதத்தில் உடலின் நோய் எதிர்ப்பு தன் சொந்த மூட்டுகளையே தாக்குகிறது. அந்தத் தாக்குதலைத் தூண்டும் புரதத்தை இந்தச் சின்னத் துண்டு பிடித்து வைத்துக்கொள்கிறது. எங்கள் பத்திரிகையின் அறிவியல் பக்கத்தில் இதை நானே எழுதினேன். மதுரையில் ஒரு மருத்துவமனை சோதனைக்கு ஆள் எடுக்கிறது என்று தெரிந்ததும் சித்தியை அழைத்துப்போனதும் நான்தான்.

முதல் நாள் பஸ்ஸில் அவரால் தண்ணீர் பாட்டிலைத் திறக்க முடியவில்லை. நான் திறந்து கொடுத்ததை இரண்டு மணிக்கட்டுகளுக்கு நடுவே இடுக்கிக் குடித்தார். மருத்துவமனையில் ஒரு படிவம் தந்தார்கள். வலி எவ்வளவு, பூஜ்யத்திலிருந்து பத்துக்குள் சொல்ல வேண்டும். சட்டைப் பொத்தான் போட முடிகிறதா, குழாய் திருக முடிகிறதா என்று பக்கம் பக்கமாகக் கேள்விகள். சித்திக்குப் பேனா பிடிக்க வரவில்லை. நான் எழுதினேன்.

“மூணு போடுலே,” என்றார்.

“சித்தி, காலையில பாட்டில்கூடத் தொறக்க முடியல.”

“எட்டு, ஒம்பதுன்னு போட்டா, இவளுக்கு ஏலாதுன்னு வீட்டுக்கு அனுப்பிருவாக. மூணு போடு. பொத்தானெல்லாம் போடுதேன்னு எழுது.”

இது அவர் கம்பெனியில் கற்றது. மடிப்பு அறையில் சூப்பர்வைசர் நடந்துகொண்டே “கை எப்படி இருக்கு?” என்று கேட்பார். வலிக்கிறது என்றவர் மறுநாள் வர வேண்டாம். ஆகவே அங்கே எந்தப் பெண்ணுக்கும் வலித்ததில்லை. வெள்ளைக் கோட்டுப் போட்ட டாக்டரையும் சித்தி சூப்பர்வைசராகத்தான் பார்த்தார். அது புரிகிறது. முப்பது ஆண்டுகள் மற்றவர்களின் செய்தியில் எண்களைச் சரிபார்த்தே சம்பளம் வாங்கிய நான் மூன்று என்று எழுதியதுதான் புரியவில்லை.

அன்றே ஒரு டாக்டர் சித்தியின் மூட்டுகளை ஒவ்வொன்றாக அழுத்தி, வீங்கியவற்றை எண்ணிக் குறித்தார். கைகள் முழுக்க வீங்கியிருந்தன என்றது அந்தத் தாள். வலி மூன்று என்றது என் தாள். இரண்டும் ஒரே கோப்பில், அடுத்தடுத்து. பக்கத்தில் வைத்துப் பார்க்க அங்கே ஒருவருக்கும் தோன்றவில்லை. அந்த எண்ணை வைத்துத்தான் பிறகு எல்லாவற்றையும் அளப்போம் என்று அவரிடம் ஒரு வாக்கியம் சொல்லவும் ஆள் இல்லை.

மாதம் ஓர் ஊசி. மூன்றாவது ஊசிக்குப் பிறகு வீக்கம் வடிந்தது. விரல் மெதுவானதும் கம்பெனியில் லேபிள் ஒட்டும் மூலைக்குத் தள்ளப்பட்டிருந்தவர் மடிப்பு மேசைக்குத் திரும்பினார்.

“ஏட்டி, ஒட்டக ஊசியாமே,” என்றாராம் பக்கத்து மேசைக்காரர். “முதுகைக் காட்டு, திமில் மொளச்சிருக்கான்னு பாப்போம்.”

“மொளச்சா ஒன்னையத்தான் ஏத்திட்டுப் போவேன். பஸ்ஸுக்கு நிக்க வேண்டாம்,” என்று சித்தி சொன்னாராம்.

திரும்பி வந்து முதலில் மடித்த துணியை என்னிடம் கொடுத்து, “நூல் தொங்குதான்னு பாரு,” என்றார். தொங்கவில்லை. படிவத்தில் மட்டும் அதே மூன்று. “முந்தி ஒண்ணு, இப்ப ஒண்ணு சொன்னா சந்தேகப்படுவாக,” என்றார். இந்த முறையும் எழுதினேன்.

சோதனை முடிந்தது. பலன் கண்டவர்களுக்கு மட்டும் மருந்து தொடரும் என்றார்கள். சோதனையில் சிலருக்கு மருந்தே இல்லாத வெற்று ஊசிதான் போடுவார்கள்; சித்திக்குப் போனது அசல் மருந்துதான் என்பதும் பிறகு தெரிந்தது. ஆனால் அவர் பெயர் பட்டியலில் இல்லை. வீக்கம் குறைந்தது மட்டும் போதாதாம்; நோயாளி தன் வாயால் சொன்ன எண்களும் குறைந்திருக்க வேண்டுமாம். அலுவலகத்தில் இருந்தவரிடம் சித்தியின் கைகளைக் காட்டினேன்.

“கை நல்லாத்தான் இருக்கு சார். பேப்பர்லதான் இல்ல,” என்றார். அவர் குரலில் வருத்தம்கூட இருந்தது. அந்த வருத்தத்தை இன்றுவரை என்னால் மன்னிக்க முடியவில்லை. முதல் நாள் எழுதியது பொய் என்று எழுதிக் கொடுத்தேன். திருத்த இடமில்லை என்று திருப்பித் தந்தார்கள். நாளிதழில்கூட மறுநாள் திருத்தம் போடுவோம்.

நான்கு மாதத்தில் விரல்கள் மறுபடி மடங்கின. கம்பெனி அவரை நிறுத்திவிட்டது. அந்த மருந்து இங்கே எந்தக் கடையிலும் கிடைக்காது.

போன வாரம் ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு டாக்டரிடம் கூட்டிப்போனேன். “வலி எப்படிம்மா இருக்கு?” என்று கேட்டார். சித்தி என்னைத் திரும்பிப் பார்த்தார்.

“பத்து,” என்றார். “பத்துன்னு எழுதுலே.”

டாக்டர் ஏற்கெனவே மாத்திரைச் சீட்டை எழுதிக்கொண்டிருந்தார். எண் கேட்கும் படிவம் எதுவும் அந்த மேசையில் இல்லை. சித்தி என் கையிலிருந்த பேனாவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

வீட்டுக்கு வந்து இழுப்பறையைத் திறந்தேன். எட்டு மடிப்பும் அப்படியே இருக்கின்றன. இன்றும் ஒரு நூல் வெளியே இல்லை.