இரண்டாவது பட்டன்

பள்ளிக்கூட வாசலுக்கு நேர் எதிரே, சைக்கிள் கடைக்கும் மருந்துக் கடைக்கும் நடுவில், இரண்டு பேர் நின்றால் மூன்றாவது ஆளுக்கு இடமில்லாத ஒரு கடை. உள்ளே ஒரு தையல் மெஷின், சுவர் முழுக்க நூல்கண்டுகள், பிஸ்கட் டப்பா நிறையப் பட்டன்கள், அப்புறம் டெய்லர் அக்கா. அக்கா புதுத் துணி தைப்பதில்லை. கிழிந்ததை ஒட்டுவதும் விட்டுப்போனதைத் தைப்பதும்தான் பதினான்கு வருஷமாக அவள் வேலை. அதில் அவளுக்கு இருந்த கர்வம் கோட்டு சூட்டு தைக்கிறவர்களுக்குக்கூட இருக்காது.

ஒரு கிழிசலைக் கையில் கொடுத்தால் போதும், அக்கா முழுக் கதையையும் சொல்லிவிடுவாள். ஆணியில் மாட்டியதா, நாய் பிடித்ததா, குண்டாகிப்போய்த் தானே விட்டதா எல்லாம் அவளுக்குத் தெரியும். பஸ் சீட்டில் கம்பி குத்திவிட்டது என்று ஒருவர் பேண்டைக் கொண்டுவந்தபோது, "எந்த வீட்டுச் சுவரு ஏறிக் குதிச்சீங்க?" என்று கேட்டு அவரைக் குடை பிடிக்க மறந்து மழையில் ஓடவைத்தவள் அவள். அந்தக் கதையைக் கேட்காதவர்கள் அந்தத் தெருவில் இல்லை. கேட்டவர்களுக்கும் திரும்பச் சொல்வாள்.

அந்த வருஷம் பள்ளி திறந்து இரண்டு மாதம் இருக்கும். தெருக்கோடி பேக்கரிக்காரர் தன் மகளின் சட்டையோடு வந்து நின்றார். மகள் ஆறாம் வகுப்பு. தடித்த கண்ணாடி போட்டு, நாலாம் வகுப்பு என்று சொன்னாலும் நம்பிவிடலாம் போல இருப்பாள். அக்கா அவளைக் கண்ணாடிக்குட்டி என்றுதான் கூப்பிடுவாள். அக்காவின் ஒரே மகளும் அதே வகுப்புதான். சட்டையில் மேலிருந்து இரண்டாவது பட்டனைக் காணோம். பேசிக்கொண்டே ஒன்றை வைத்துக் கொடுத்தாள். அடுத்த வாரம் அதே சட்டை, அதே பட்டன். அதற்கடுத்த வாரமும் அப்படியே. ஆறாவது தடவை வந்தபோது பேக்கரிக்காரர் மென்று விழுங்கிக்கொண்டு, "அக்கா, தப்பா நினைக்காதீங்க. நூல் ஏதும் மட்டமா வந்துடுச்சா?" என்று கேட்டார்.

நூல் மட்டமா? அக்காவுக்கு உச்சந்தலை வரைக்கும் சூடு ஏறிவிட்டது. கோபத்தில் அவள் ஒரு காரியம் செய்தாள். அல்லது செய்ய வேண்டிய ஒன்றைச் செய்யவில்லை. பதினான்கு வருஷத்தில் முதல் தடவையாக, பட்டன் ஏன் போகிறது என்று பார்க்காமல் போகாமல் இருக்க என்ன செய்யலாம் என்று மட்டும் பார்த்தாள். பள்ளிப் பைகளின் வார் தைக்கிற நைலான் நூலை எடுத்தாள். சட்டைக்கு உள்பக்கம் ஒட்டுத்துணி கொடுத்து, எட்டுச் சுற்றுச் சுற்றி, முடிச்சுக்கு மேல் முடிச்சுப் போட்டுப் பல்லால் கடித்து இறுக்கினாள். "இனிமே சட்டை போனாலும் பட்டன் போகாது தம்பி" என்று ஜம்பமாகச் சொல்லி நீட்டினாள்.

சொன்னபடியே நடந்தது. மூன்றாம் நாள் மத்தியானம் பேக்கரிக்காரர் வந்து சட்டையை மெஷின்மேல் போட்டார். பட்டன் இருந்தது. சட்டைதான் இல்லை. பட்டனைச் சுற்றித் துணி பிய்ந்து, கிழிசல் தோள் வரைக்கும் ஓடி, காலர் பாதி தொங்கியது. தைக்க வேண்டாம், மெஷின் துடைக்க வைத்துக்கொள்ளுங்கள் என்றார் அவர். மாடிப்படித் திருப்பத்தில் மகள் விழுந்திருக்கிறாள். கண்ணாடி உடைந்து, கழுத்தின் இடது பக்கம் கயிறு வைத்து இழுத்த மாதிரி சிவந்து கிடக்கிறது. யார் என்று கேட்டால் வாயே திறக்கவில்லை. பள்ளியில் போய்த் தலைமையாசிரியையைக் கேட்டால், பிள்ளைகள் விளையாட்டில் இதெல்லாம் சகஜம், உங்கள் பெண்தான் கொஞ்சம் தைரியமாக இருக்கப் பழக வேண்டும் என்று டீ கொடுத்து அனுப்பிவிட்டார்கள். "திங்கக்கிழமைக்குள்ள வேற ஸ்கூல் பார்க்கணும். இனிமே இங்க காலடி வைக்க மாட்டேங்குறா."

பழைய நூலாக இருந்திருந்தால் பட்டன் மட்டும் கையோடு போயிருக்கும். அந்தக் குழந்தையைக் கழுத்தோடு சேர்த்துத் தரையில் இழுத்துப் போட்டது அக்காவின் நைலான் நூல்தான். அவர் போன பிறகு சட்டையை மடியில் விரித்தாள். இந்தத் தடவை ஒழுங்காகப் படித்தாள். எதிரே நின்று இழுத்திருக்கிறார்கள். கிழிசல் மேல்நோக்கி ஓடுகிறது, அப்படியென்றால் இழுத்த ஆள் உயரம். சட்டை இழுபட்டது போட்டிருந்தவளின் வலப்பக்கமாக. அதனால்தான் காலர் இடது கழுத்தை அறுத்திருக்கிறது. வலது கைக்காரி இழுத்தால் இப்படி வரவே வராது. அக்கா ஸ்டூலிலிருந்து எழுந்தே விட்டாள். இடது கை! உயரமான, இடது கைப் பழக்கமுள்ள ஒரு பிள்ளை. ஒரு வகுப்பில் அப்படி எத்தனை பேர் இருந்துவிடப் போகிறார்கள்? திங்கட்கிழமைக்குள் பிடித்துவிடலாம், கண்ணாடிக்குட்டி எங்கேயும் போக வேண்டியதில்லை. துப்பு கிடைத்த குஷியில் அக்கா அன்றைக்கு நாலு மணிக்கே கடையைச் சாத்தினாள்.

சாயங்காலம் சாப்பாட்டு மேஜையில் அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை. லிஃப்ட் ரிப்பேர் வேலை முடிந்து களைத்துப்போய் உட்கார்ந்திருந்த கணவரை எழுப்பி நிறுத்தினாள். அவர் சட்டையின் இரண்டாவது பட்டனைப் பிடித்து, வலது கையால் இழுத்தால் எப்படி, இடது கையால் இழுத்தால் எப்படி என்று நடித்துக் காட்டினாள். சூப் ஆறுகிறது என்று மனுஷன் கெஞ்சியும் விடவில்லை. போலீஸ்காரர்கள் தன்னிடம் வந்து பாடம் படிக்க வேண்டும் என்றாள். "ஆக, ஆள் யாருன்னா, நல்ல உயரம், இடது கைப் பழக்கம்" என்று முடித்துவிட்டுப் பெருமையோடு மகளைத் திரும்பிப் பார்த்தாள்.

மகள் ஸ்பூனை இடது கையிலிருந்து வலது கைக்கு மாற்றிக்கொண்டிருந்தாள்.

வலது கையில் ஸ்பூன் ஆடியது. சூப் மேஜையில் சிந்தியது. அக்கா அப்படியே நின்றாள். வகுப்பிலேயே உயரமான பெண் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டவள் யார்? இடது கைப் பிள்ளைக்கென்று தேடிப்பிடித்து இடது கைக் கத்தரிக்கோல் வாங்கிக் கொடுத்தவள் யார்? ஊரில் உள்ள பிள்ளைகளை எல்லாம் ஒரு சுற்று நினைத்துப் பார்த்தவளுக்குச் சொந்த வீடு மட்டும் ஞாபகத்துக்கு வரவே இல்லை.

மகள் எழுந்து போய்ப் பென்சில் டப்பாவைக் கொண்டுவந்து மேஜையில் வைத்தாள். உள்ளே ஆறு பட்டன்கள். முதலாவதைத் தவிர ஐந்திலும் அக்காவின் நூல் வால் மாதிரி தொங்கியது. அக்காவின் கை ஓங்கியேவிட்டது. மகள் தலையைத் தோளுக்குள் இழுத்துக்கொண்டாள். கடை வாசலில் காலரைச் சரிசெய்யக் கை நீட்டும்போது கண்ணாடிக்குட்டியும் இப்படித்தான் கழுத்தைச் சுருக்குவாள். சின்னப் பிள்ளைக்குக் கூச்சம் என்று நினைத்திருந்தாளே! ஓங்கிய கையை இறக்கினாள். ஏன் செய்தாய் என்று மட்டும் கேட்டாள்.

"முதல்ல சும்மாதான்மா இழுத்தேன். எல்லாரும் சிரிச்சாங்க. அப்புறம் ஒவ்வொரு வாரமும், இன்னிக்கு எப்போன்னு கேக்க ஆரம்பிச்சாங்க."

கணவர் குரலைத் தாழ்த்தி, பட்டன்களைக் குப்பையில் போட்டுவிடலாம் என்றார். குழந்தையை நன்றாகக் கண்டித்துவிடலாம், இனிமேல் செய்ய மாட்டாள், நம் பெண்ணை நாமே காட்டிக் கொடுத்தால் நாளைக்கு அவள் பேர் என்னாகும் என்று கேட்டார். அவர் கெட்டவர் இல்லை. அக்காவுக்கே ஒரு கணம் அந்த வார்த்தை இனித்தது, அதைச் சொல்லாமல் இருக்க முடியாது. ஆனால் திங்கட்கிழமை கண்ணாடிக்குட்டி வேறு பள்ளிக்குப் போய்விடுவாள், தன் மகள் இதே படியில் அடுத்த சட்டையைத் தேடுவாள் என்று நினைத்தபோது அந்த இனிப்பு கசந்துவிட்டது. காலையில் நாம் பள்ளிக்குப் போகிறோம் என்று மகளிடம் சொன்னாள். இனிமேல் என்னைப் பிடிக்காதா என்று மகள் அழுதாள்.

"நீ என் பொண்ணுடி. அதனாலதான் இதை அப்படியே விட முடியாது."

மறுநாள் தலைமையாசிரியையின் மேஜையில் கிழிந்த சட்டையும் ஆறு பட்டன்களும் இருந்தன. அக்கா ஒன்றையும் பூசி மெழுகவில்லை. நைலான் நூலையும் சேர்த்தே சொன்னாள். தலைமையாசிரியை பெருமூச்சு விட்டு, மன்னிப்புக் கடிதம் ஒன்று எழுதட்டும், இரண்டு பேரையும் கைகுலுக்க வைத்து முடித்துவிடலாம் என்றார். அப்போது வகுப்பாசிரியையான கணக்கு டீச்சர் வாயைத் திறந்தார். பட்டன் போன முதல் வாரமே அந்தப் பெண் தன்னிடம் வந்ததாகவும், கண்டுக்காமல் இரு என்று தானே திருப்பி அனுப்பியதாகவும் சொன்னார். சொல்லும்போது அவர் முகம் சுண்டிப்போயிருந்தது. இத்தனை பேர் பேசுகிறோம், அவளுக்கு என்ன வேண்டும் என்று அவளை யாராவது கேட்டோமா என்றார்.

டீச்சரும் அக்காவும் பேக்கரிக்கு நடந்தார்கள். மகளைக் கூட்டிப் போகவில்லை. அவள் முகத்தைப் பார்த்தால் குழந்தை இன்னும் ஒடுங்கிப்போவாள் என்று டீச்சர் தடுத்துவிட்டார். கண்ணாடிக்குட்டி பின்னறையில் மாவு மூட்டைமேல் உட்கார்ந்திருந்தாள். அக்கா தரையில் உட்கார்ந்து, இழுத்தது என் மகள், கெட்டி நூல் போட்டது நான் என்று சொல்லிவிட்டாள். ரொட்டித் தட்டோடு நின்ற பேக்கரிக்காரர் தட்டைக் கீழே வைத்துவிட்டு வெளியே போய்விட்டார். குழந்தை பேசியது அக்காவிடம் இல்லை, டீச்சரிடம்.

"பட்டன் பிச்சது ஒருத்திதான் மிஸ். சிரிச்சது நிறையப் பேரு. அவங்க யாருன்னு கேளுங்க. அப்புறம், கைகுலுக்கச் சொல்லாதீங்க."

திங்கட்கிழமை முதல் பீரியட். கண்ணாடிக்குட்டி வரவில்லை, இது நடக்கும்போது அவள் அங்கே இருக்கத் தேவையில்லை என்று டீச்சரே சொல்லியிருந்தார். அக்கா கடையைத் திறக்காமல் வகுப்புக்கு வெளியே தாழ்வாரத்தில் நின்றாள். பக்கத்தில் தலைமையாசிரியை. உள்ளே மகளின் குரல் கேட்டது: "பட்டனைப் பிச்சது நான். ஆறு தடவை. ஏழாவது தடவை அவ விழுந்தா." அப்புறம் டீச்சர், பார்த்துச் சிரித்தவர்கள் இருந்தால் அவர்களும் எழுந்திருக்கலாம் என்றார். அடிக்கப் போவதில்லை, ஆனால் தெரிந்தாக வேண்டும் என்றார்.

சத்தமே இல்லை. ஒருத்தரும் எழுந்திருக்காவிட்டால் மகள் மட்டும் தனி மரமாக நிற்பாள், எல்லாம் அவளோடு போகும், கண்ணாடிக்குட்டி கேட்டதும் வீணாகப் போகும். கடவுளே, ஒருத்தியாவது! அப்போது நாற்காலி ஒன்று தரையில் கிரீச்சிட்டது. பிறகு இன்னொன்று. அக்கா விரல் விட்டு எண்ண ஆரம்பித்தாள். மூன்று, நாலு, சடசடவென்று ஒரே நேரத்தில் மூன்று. இரண்டு கை விரல்களும் தீர்ந்துபோய்த் திரும்பவும் ஒன்றிலிருந்து எண்ண வேண்டியதாயிற்று. பதினாலு! தலைமையாசிரியையின் உதடும் எண்ணிக்கொண்டிருந்ததை அக்கா பார்த்தாள். விளையாட்டு என்று சொன்ன வாய்தான் அது. அன்று மத்தியானமே அவர் பதினாலு வீட்டுக்கும் போன் செய்தார். அடுத்த நாளிலிருந்து ஒவ்வொரு இடைவேளைக்கும் மாடிப்படித் திருப்பத்தில் ஓர் ஆசிரியர் நின்றார். சில நாள் அவரே நின்றார்.

புதன்கிழமை கண்ணாடிக்குட்டி அப்பாவின் விரலைப் பிடித்துக்கொண்டு வாசல் வரைக்கும் வந்து, அங்கே விரலை விட்டுவிட்டு உள்ளே போனாள். அக்கா கடைக்குள்ளிருந்து எட்டிப் பார்த்து ஊசியைத் தன் விரலிலேயே குத்திக்கொண்டாள். எல்லாம் சுமுகமாகிவிட்டது என்று சொல்ல முடியாது. உன் பெண் செய்ததற்கு என் பெண் ஏன் நிற்க வேண்டும் என்று இரண்டு அம்மாக்கள் கடை வாசலில் வந்து கத்தினார்கள். சில நாள் மகள் தனியாக உட்கார்ந்து சாப்பிட்டாள். அக்காவின் கணவர் தினமும் சாயங்காலம் மகளை நடக்கக் கூட்டிப் போய், அன்றைக்கு நடந்ததை எல்லாம் பொறுமையாகக் கேட்க ஆரம்பித்தார். பேக்கரிக்காரர் மட்டும் கடைப்பக்கம் வரவே இல்லை.

ஒன்றரை மாதம் கழித்து வந்தார். கையில் சட்டை. முகம் வெளுத்திருந்தது. சட்டை கிழிந்து வந்திருக்கிறாள், கேட்டால் ஒன்றுமில்லை என்கிறாள், அன்றைக்கும் இப்படித்தான் எதையும் சொல்லவில்லை, எனக்குப் பயமாக இருக்கிறது என்றார் அவர். "நீங்கதான் பார்த்தே சொல்லுவீங்களே. எதுவா இருந்தாலும் மறைக்காம சொல்லுங்க அக்கா."

அக்கா விளக்கைப் போட்டாள். சட்டையை விரித்தாள். முதலில் இரண்டாவது பட்டன்: இருக்கிறது, நூலில் ஓர் இழைகூட நலுங்கவில்லை. காலர் நேராக நிற்கிறது. கிழிசல் வலது அக்குளில். தையல் மட்டும் விட்டிருக்கிறது, துணி கிழியவே இல்லை. யாரோ வெளியிலிருந்து இழுத்தால் அங்கே விடாது. உள்ளே இருக்கிற கை தலைக்கு மேலே உயர்ந்து வீசினால்தான் விடும். ஒரு தடவை இல்லை, பத்து இருபது தடவை. முழங்கையில் புல்லின் பச்சை. உள்ளங்கையை அவசரமாகத் துடைத்த மண் வயிற்றுப் பக்கம் அப்பியிருந்தது. அக்கா திரும்பத் திரும்பப் பார்த்தாள். இந்தத் தடவை தப்பாகச் சொல்லிவிடக் கூடாது.

"தம்பி, இதை யாரும் இழுக்கலை. இவளாத்தான் கிழிச்சிருக்கா. பந்து எறிஞ்சிருக்கா. விழுந்திருக்கா, எந்திரிச்சுத் திரும்பவும் எறிஞ்சிருக்கா."

பேக்கரிக்காரர் மெஷினைப் பிடித்துக்கொண்டு நின்றார். "விளையாடியிருக்காளா?" என்று கேட்டார். அக்கா தலையை ஆட்டினாள். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, நன்றாகக் கெட்டியாகப் போட்டுக் கொடுங்கள் என்றார். அக்கா நைலான் கண்டை ஒதுக்கிவிட்டுச் சாதாரண நூலை ஊசியில் கோத்தாள்.

"விட்டா விடட்டும் தம்பி. திரும்பக் கொண்டுவாங்க, தைச்சுத் தரேன்."