உரக்கிடங்குக்குப் போன சவுக்கு

கிறிஸ்துமஸுக்கு வீட்டில் வைத்த சவுக்கு மரம் காய்ந்துவிட்டது. ஜிகினாவைப் பிரித்துவிட்டுத் திருத்தங்கல் உரக்கிடங்குக்குக் கொண்டுபோனேன். அங்கே வேலை பார்த்த அக்கா, சேலைக்கு மேல் ஆண்பிள்ளைச் சட்டை போட்டிருந்தார். ஒவ்வொரு கிளையையும் எடுக்கும்முன் உள்ளங்கையைத் தரையில் அழுத்தினார். பட்டாசுக் கம்பெனியில், வெடிமருந்தைத் தொடும்முன் உடம்பின் மின்சாரம் இறங்குவதற்காக அப்படிச் செய்வார்கள்.

“வெறும் சவுக்குதானேக்கா?” என்றேன்.

“தெரியுது. கம்பெனி வேலைய விட்டும் கை கேக்க மாட்டேங்குது.”

பிறகு பழைய குப்பைக்குழி ஒன்றைக் கிளறி, “இங்கன கைய வச்சுப் பாருங்க” என்றார். வைத்தேன். நன்றாகவே சுட்டது.

“மக்கும்போது உள்ள அம்புட்டுச் சூடு இருக்கும். ஆனா வெடிக்காது” என்றார் நிம்மதியாக.

அடுத்த கிளைக்குக் குனிந்தபோது, அவர் கை முதலில் தரைக்குத்தான் போனது.