இன்னும் கொஞ்சம் பிடிக்க வேணும்

இது நடந்தது. யாருக்கு நடந்ததோ அவள் வெள்ளவத்தையில், கடற்கரைக்கு இறங்கும் ஒழுங்கை ஒன்றில் இன்றைக்கும் இருக்கிறாள். பெயர் சிவானி. பொய் சொல்லிப் பழக்கமில்லாதவள். கண் பிரமை என்று யாராவது சிரித்தால் வாதாட மாட்டாள். "சரி, போய் நுஹாவை ஒருக்காப் பாத்திட்டு வந்து சொல்லுங்கோ" என்பாள். அவ்வளவுதான்.

சிவானிக்குப் பல் செட் செய்யும் லப் ஒன்றில் வேலை. ஊரார் வாய்க்கெல்லாம் அளவாகப் பல் செய்கிற கை. நுஹா அவளுடைய சிநேகிதி. கொட்டாஞ்சேனைக்காரி. கலியாண வீடுகளில் படம் எடுக்கிறவள். சிவானியின் தங்கச்சியின் கலியாணத்துக்குப் படம் எடுக்க வந்த இடத்தில்தான் பழக்கம். நுஹா நல்ல உயரம். கூட்டம் எவ்வளவு மறைத்தாலும் கமராவைத் தலைக்கு மேலே பிடித்து எடுத்துவிடுவாள். ஸ்டூல் கேட்கவே மாட்டாள்.

இருவருக்கும் ஸ்டொப்-மோஷன் பைத்தியம். பொம்மையைக் கொஞ்சம் அசைத்து ஒரு படம், இன்னும் கொஞ்சம் அசைத்து இன்னொரு படம். எல்லாவற்றையும் சேர்த்து ஓடவிட்டால் பொம்மை உயிரோடு நடக்கும். அமெச்சூர்களுக்கென்று ஒரு போட்டி வந்தது. சொந்தக் கற்பனை கூடாது. ஊரில் ஏற்கனவே சொல்லப்படுகிற கதை ஒன்றை எடுத்துப் படமாக்க வேண்டும். நீளம் இரண்டு நிமிடம்.

"இது மட்டும் சரிவந்திச்செண்டா நான் இந்த மாப்பிள்ளை பொம்புள படமெல்லாம் விட்டுருவன், சிவானி" என்றாள் நுஹா. விளையாட்டாகச் சொல்லவில்லை.

கதையைக் கொண்டுவந்ததும் அவள்தான். பொம்மைச் சட்டைக்கு வெட்டுத்துணி வாங்க, கொட்டாஞ்சேனையில் ஹமீட் நானாவின் தையல்கடைக்குப் போனபோது அவர் சொன்ன கதை.

எங்கேயோ ஒரு டெய்லர் இருந்தானாம். ஒரு ஆள் வெள்ளைச் சட்டையோடு வந்து, "லூசா இரிக்கி, கொஞ்சம் பிடிச்சுத் தாங்க" என்றானாம். பிடித்துக் கொடுத்தான். அடுத்த கிழமை அதே ஆள், அதே சட்டை. "இன்னும் கொஞ்சம் பிடிக்க வேணும்." அதற்கடுத்த கிழமையும் வந்தான். டெய்லர் குனிந்து அளவு எடுக்கும்போதுதான் கவனித்தான்... சட்டை பெருக்கவில்லை. ஆள்தான் சிறுத்துக்கொண்டு வருகிறான். போன கிழமை தோளளவு நின்றவன் இப்போது இடுப்பளவு. பயந்துபோன டெய்லர், இனி உன் சட்டையைத் தொடமாட்டேன் என்று சொல்லிவிட்டான். ஆள் பிறகு வரவேயில்லையாம்.

நுஹாவுக்கு முடிவு மட்டும் பிடிக்கவில்லை.

"மாட்டன் எண்டு செல்லிட்டா படம் எங்க இரிக்கி? டெய்லர் கடைசிச் சட்டையும் தைக்கணும். ஆள் விரலளவு ஆகணும். அப்பதான் பாக்கிற ஆக்கள் மறக்க மாட்டாங்க."

சிவானிக்கும் அது சரியாகத்தான் பட்டது.

டெய்லரை ஒரு பொம்மையாகவும் அந்த ஆளை ஐந்து அளவிலும் செய்தாள். எல்லாமே பல் செட்டின் முரசு செய்கிற அக்ரிலிக்கில். கடைசி ஆள் சுண்டுவிரல் உயரம். அக்ரிலிக் இறுகினால் கல்லுப் போல; வளைவது மூட்டுகளில் வைத்த கம்பி மட்டும். ஒவ்வொருவனுக்கும் வெள்ளைச் சட்டை தைத்தது நுஹா. கடைசிச் சட்டைக்கு மிஷின் சரிவராது என்று கையாலேயே தைத்தாள்.

சிவானியின் அறை ஜன்னலைக் கறுப்புத் துணியால் மூடினார்கள். வெளிச்சம் மாறினால் படம் கெட்டுவிடும். வெளியே கொளுத்துகிற வெயில். உள்ளே இரண்டு விளக்கு மட்டும். ஒரே தொல்லை, கடற்கரையோரத் தண்டவாளத்தில் போகிற கோச்சி. அது போகிற ஒவ்வொரு முறையும் மேசை நடுங்கும். சத்தம் கேட்டதும் கையை எடுத்துவிட்டு, போய் முடியும்வரை காத்திருப்பார்கள்.

முதல் நாலு ஆட்களின் காட்சிகளும் பிழையில்லாமல் முடிந்தன.

கடைசிப் பொம்மையை மேசையில் வைத்த அன்றுதான் முதல் பிழை.

சட்டை லூஸ்.

"நல்ல அளவாத்தானே தைச்சனீ?"

"ஓம்டி, நீயும்தானே பாத்தா." நுஹா ஊசியை எடுத்து இரண்டு பக்கமும் கொஞ்சம் பிடித்தாள். அளவாக வந்தது.

அடுத்த நாள் பின்னேரம் கறுப்புத் துணியை இழுத்துவிட்டு விளக்கைப் போட்டார்கள். சட்டை தோளிலிருந்து நழுவிக் கிடந்தது. பொம்மை கமராவைப் பார்க்காமல், நுஹா வழக்கமாக இருக்கிற கதிரையைப் பார்த்து நின்றது.

"கோச்சி நடுக்கத்தில திரும்பியிருக்கும்" என்றாள் சிவானி.

நுஹா மறுபடியும் பிடித்தாள்.

மூன்றாம் நாளும் லூஸ்.

சிவானி லப்பில் இருந்து கொண்டுவந்த கலிப்பரை எடுத்தாள். பல்லின் தடிப்பை மயிரளவுக்குக் காட்டுகிற கருவி. பொம்மையைச் செய்த அன்று அளந்தவள் அவள்தான். அளவு நன்றாக நினைவிருந்தது. இப்போது அளந்தாள். துடைத்துவிட்டுத் திரும்ப அளந்தாள்.

பொம்மை சிறுத்திருந்தது.

மெழுகு உருகும். களிமண் காய்ந்து சுருங்கும். இறுகிய அக்ரிலிக் இப்படிச் சுருங்காது. அதை அவளை விட நன்றாகத் தெரிந்தவர்கள் குறைவு.

"நுஹா, இனி இதைத் தைக்காத."

"விசரா உனக்கு? ரெண்டு தையல்." நுஹா சிரித்துக்கொண்டே நூலை இழுத்தாள். இழுத்த வேகத்தில் அவள் விரலில் இருந்த மோதிரம் கழன்று மேசையில் விழுந்தது. டங் என்று ஒரு சத்தம். "கொஞ்ச நாளா இப்பிடித்தான். வெயிட் குறையுது போல" என்றாள்.

அன்றைக்குப் போகும்போது அவளுடைய அபாயாவின் கீழ்விளிம்பு படியில் இழுபட்டது. சிவானி பார்த்தாள்.

அடுத்த நாள் சிவானிக்கு லீவு. நுஹா வரவில்லை. போட்டிக்குக் காலம் நெருங்கியதால் தனியாகவே எடுத்து முடிக்கலாம் என்று காலையிலிருந்து அறையைப் பூட்டிக்கொண்டு இருந்தாள். போனைத் தூர வைத்துவிட்டாள். தையல்காரப் பொம்மை கதிரையில். சின்ன ஆள் அவனுக்கு முன்னால். கையை அசைப்பாள், படம். அசைப்பாள், படம்.

மூன்றே காலுக்குக் கோச்சி வந்தது.

தூரத்தில் ஹோர்ன். பிறகு தடதடவென்ற சத்தம். மேசை நடுங்கியது. சிவானி கையை எடுத்துவிட்டு, சுவரில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டாள். வழக்கத்தை விட நீளமான கோச்சி. போய்க்கொண்டே இருந்தது... போய்க்கொண்டே...

நின்றது.

கண்ணைத் திறந்தாள். பொம்மைகள் வைத்த இடத்திலேயே இருந்தன.

ஆனால் கமராவோடு இணைத்திருந்த லப்டொப்பில் அவள் எடுக்காத படங்கள் இருந்தன. ஒன்றிரண்டல்ல. ஒரு வரிசை.

முதல் படத்தைத் திறந்தாள். சின்ன ஆள் இரண்டு கையையும் உயர்த்தி நின்றான். அளவு கொடுக்க நிற்கிறவனைப் போல.

தையல்காரன் கதிரையில் இல்லை.

அவன் இடத்தில் கறுப்பாக யாரோ. முதுகு காட்டி இருந்தது. தலையில் முக்காடு. உயரம் பொம்மையளவுதான். சிவானி அப்படியொரு பொம்மை செய்யவேயில்லை.

அடுத்த படம். அதன் கை கொஞ்சம் மேலே.

அடுத்தது. இன்னும் கொஞ்சம்.

விரல் தன்பாட்டில் ஓடவிடும் பட்டனை அழுத்தியது. படங்கள் ஓடின. கறுப்பு உருவம் நூலை இழுத்தது. குத்தியது. இழுத்தது. ஒரு பிசகும் இல்லை. அவ்வளவு சுத்தமான அசைவு அவர்கள் இருவருக்கும் ஒருநாளும் வந்ததில்லை.

பிறகு கை நின்றது.

தலை மெல்லத் திரும்பத் தொடங்கியது...

கன்னம் தெரிந்தது.

சிவானி லப்டொப்பை அடித்து மூடினாள்.

போனை எடுத்தாள். நுஹாவுக்கு அடித்தாள். நெடுநேரம் மணி போன பிறகு நுஹா எடுத்தாள்.

பின்னால் தையல் மிஷின். டர்ர்ர்... டர்ர்ர்...

"நுஹா! என்ன செய்யிறாய்?"

"தைக்கிறன்." நித்திரையில் கதைப்பது போன்ற குரல். "இந்தா முடியுது. இன்னும் கொஞ்சம் பிடிச்சா சரி."

"ஆருக்கு?"

டர்ர்ர்... டர்ர்ர்...

"பக்கத்திலதான் நிக்கிறாரு. அளவு செல்றாரு."

கட்டாகிவிட்டது.

கையில் கிடைத்த சிலிப்பரைப் போட்டுக்கொண்டு சிவானி காலி வீதிக்கு ஓடினாள். ஓட்டோ கிடைத்தது. ஆனால் வீதி அசையவில்லை. பஸ்களில் ஆட்கள் தொங்கிக்கொண்டு போனார்கள்.

"ஏன் இவ்வளவு சனம்?" என்று சிங்களத்தில் கேட்டாள்.

ஓட்டோக்காரர் கண்ணாடியில் அவளைப் பார்த்தார். "கோச்சி நெஹெனே, மிஸ்." ஸ்ட்ரைக்காம். விடியற்காலையிலிருந்து ஒரு கோச்சியும் ஓடவில்லையாம்.



கொட்டாஞ்சேனை. மாடிப்படி. கதவைத் தட்டினாள். உள்ளே மிஷின் சத்தம் சட்டென்று நின்றது.

கதவு திறந்தது. நுஹாதான். முகத்தில் நித்திரைக் கலக்கம்.

எப்போதும் சிவானி நிமிர்ந்துதான் அவள் கண்ணைப் பார்ப்பாள்.

இன்றைக்கு நிமிர வேண்டியிருக்கவில்லை.

நுஹா அவளை மேலும் கீழும் பார்த்தாள்.

"நீ என்ன, ஹீல்ஸ் போட்டா வந்திரிக்கா?"

சிவானி அவளைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனாள். லுஹர் தொழுதுவிட்டுப் படுத்தவள் இப்போதுதான் எழும்பினேன் என்றாள் நுஹா. போன் வந்தது தெரியாது. தைத்தது தெரியாது. வீட்டில் வேறு யாரும் இல்லை. மிஷின் சில்லைத் தொட்டுப் பார்த்தாள் சிவானி. சூடு.

ஊசிக்குக் கீழே நுஹாவின் அபாயா கிடந்தது. நேற்று உடுத்தியிருந்த அதே கறுப்பு அபாயா. தோள், பக்கம், ஒரு கை, கீழ்விளிம்பு... எல்லா இடமும் பிடித்துத் தைத்திருந்தது. வெள்ளை நூலால்.

மற்றக் கை ஒன்றுதான் தைக்க மிச்சம் இருந்தது.

சிவானி அந்த இடத்திலேயே தரையில் இருந்தாள். பிளேட்டை எடுத்துத் தையலை ஒவ்வொன்றாக அறுத்தாள். நுஹா பக்கத்தில் இருந்து அழுதாள். கடைசி நூலையும் உருவி எடுக்கும்வரை இருவரும் எழும்பவில்லை.

படத்தை அனுப்பவில்லை. எடுத்ததையெல்லாம் அழித்தார்கள். பொம்மைகளைக் கடலில் போட்டார்கள். ஆறைப் போட வேண்டும். ஐந்துதான் இருந்தன. சின்ன ஆளை மேசைக்குக் கீழும் மெத்தைக்கு அடியிலும் தேடினார்கள். அவன் இப்போது எவ்வளவு சின்னமோ, யாருக்குத் தெரியும்.

நுஹா அதற்கு மேல் சிறுக்கவில்லை. பழைய உயரம் திரும்பவும் இல்லை. டொக்டர் எல்லாச் சோதனையும் செய்துவிட்டு, ஒரு குறையும் இல்லை என்றார். கலியாண வீடுகளுக்கு இன்னும் போகிறாள். போகும்போது ஒரு ஸ்டூலும் கொண்டுபோகிறாள்.

இரண்டு மாதம் கழித்து சிவானி தனியாக ஹமீட் நானாவின் கடைக்குப் போனாள். நடந்ததைச் சொல்லவில்லை. ஒன்று மட்டும் கேட்டாள்.

"நானா, அந்தக் கதையில டெய்லர் மாட்டன் எண்டு சொல்லிப்போட்டான்தானே? அது உண்மையோ?"

ஹமீட் நானா துணி வெட்டிக்கொண்டிருந்தார். கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டு, கடை வாசலைப் பார்த்தார். வெளியே யாரும் இல்லை.

"இல்ல மகள். தச்சுக் குடுத்தாரு. கேக்கிற ஆக்கள் பயப்படுவாங்க எண்டுதான் நான் அப்பிடிச் செல்ற."

"அந்த டெய்லர் ஆர்?"

"எங்கட வாப்பா."

அவர் பிறகு கையை மேசைக்கு மேலே நீட்டி, இரண்டு உள்ளங்கைகளையும் எதிரெதிராகப் பிடித்துக் காட்டினார். ஒரு குழந்தையைக் கிடத்துகிற இடைவெளி.

"அறுவது வயசில மௌத்தானாரு. உடம்பச் சுத்திற கபன் துணிய நான்தான் வெட்டின. இவ்வளவுதான் போச்சு. சந்தூக்குப் பெட்டி தூக்க நாலு பேர் வந்தாங்க... நான் அவங்கள அனுப்பிட்டு, தனியா ஏந்திக்கொண்டு போனன்."