இரண்டு நொடி முந்திய சிரிப்பு

“நான் சிரிக்கிறதுக்கு முன்னாடியே அந்தம்மா சிரிச்சுத் தொலைக்குது. அதுக்கப்புறம் எனக்கு எங்கேருந்து சிரிப்பு வரும்?”

பால் ஊற்ற வருகிறவரிடம் இதைச் சொல்வாள். துணி தேய்ப்பவரிடம் சொல்வாள். மின்சார மீட்டரைக் குறித்துக்கொள்ள வந்த மனிதரையும் விடவில்லை. முதுகுப் பக்கம் நின்று சொன்னாள். வெளியூரில் இருக்கும் மகன் வாரத்துக்கு ஒருமுறை போன் செய்தால், “சாப்பிட்டியாம்மா” என்று அவன் கேட்டு முடிப்பதற்குள் இது வந்துவிடும். எல்லோரும் தலையை ஆட்டினார்கள். யாருக்கும் ஒன்றும் விளங்கவில்லை. பக்கத்து வீட்டுக்காரி முந்திச் சிரித்தால் இவளுக்கு என்ன குடி முழுகிப்போகிறது?

தெருவில் அவளைச் சின்னவள் என்பார்கள். சுவருக்கு அந்தப் பக்கம் இருந்தவள் பெரியவள். அண்ணனுக்கும் தம்பிக்கும் வாக்கப்பட்டு ஒரே வீட்டுக்குள் வந்த ஓரகத்திகள். அப்போது வீடு ஒன்றுதான். நீளமான கூடம், பின்னால் பொதுவாக ஒரு சமையலறை. பெரியவளுக்குப் பிள்ளை இல்லை. சின்னவளுக்கு ஒரே மகன். பெற்றது இவள் என்றாலும் வளர்த்தது அவள்தான். சின்னவள் தையல் கம்பெனிக்கு வேலைக்குப் போன ஒன்பது வருஷமும் பையனுக்குச் சோறு பிசைந்து ஊட்டியதும், காது வலிக்கு மருந்து விட்டதும், பள்ளிக்கூட வாத்தியாரிடம் திட்டு வாங்கியதும் பெரியவள்.

பையனுக்குப் பதினாறு வயதில் சட்டைப் பையிலிருந்து சிகரெட் ஒன்று விழுந்தது. பெரியவள் விட்டாள் கன்னத்தில் ஒன்று. நல்ல அறைதான். வேண்டியதும்தான். அந்த நேரம் பார்த்து வேலையிலிருந்து வந்த சின்னவள், செருப்பைக்கூடக் கழற்றாமல் வாயைத் திறந்துவிட்டாள்.

“பெத்திருந்தா கை நீளுமா? பெத்தவளுக்குத்தானே வலி தெரியும்!”

பெரியவள் அடுப்பை அணைத்தாள், கையைத் துடைத்தாள், அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அடுத்த மாதம் கூடத்தின் நடுவில் ஒற்றைக்கல் சுவர் எழும்பியது. அண்ணனும் தம்பியும் ஆளுக்கொரு பக்கம் நின்று தாங்களே பூசினார்கள். இரண்டு பேருக்கும் கொத்து வேலை தெரியாது. அந்தப் பக்கம் தும்மினால் இந்தப் பக்கம் மூக்கைச் சிந்தலாம், அப்படி ஒரு சுவர்.

அதற்குப் பிறகு பதினொரு வருஷம் இருவரும் பேசிக்கொள்ளவில்லை. அண்ணன் செத்தார், சின்னவள் போய் ஓரமாக உட்கார்ந்துவிட்டு வந்தாள். தம்பி செத்தார், பெரியவள் வந்து ஓரமாக உட்கார்ந்துவிட்டுப் போனாள். சொன்ன சொல்லைத் திரும்ப வாங்கிக்கொள்ள வேண்டும் என்று சின்னவளுக்கு இல்லாமல் இல்லை. அது தொண்டையிலேயே கிடந்தது. நாலு அடி நடந்து அந்தக் கதவைத் தட்டுவதற்குத்தான் கால் எழவில்லை.

அதற்குப் பதிலாக டீவி இருந்தது.

எப்போது ஆரம்பித்தது என்று கேட்டால் அவளுக்குச் சொல்லத் தெரியாது. இருவர் வீட்டு மொட்டைமாடியிலும் ஒரே மாதிரி ஆண்டெனா, ஒரே நாலு சேனல். அந்தப் பக்கம் என்ன ஓடுகிறது என்று கேட்டுவிட்டு, சின்னவள் தன் டீவியிலும் அதையே வைப்பாள். அங்கே மாற்றினால் இங்கேயும் மாற்றுவாள். சில நாள் இவள் முதலில் மாற்ற, சற்று நேரத்தில் அந்தப் பக்கமும் மாறும். சாயங்காலம் நாலரைக்கு ஒரு சிரிப்புத் தொடர். மருந்துக்கடைக்காரர் ஒருவர், வீட்டை விட்டுப் போகாத மூன்று மருமகன்கள். பெரிய விஷயம் ஒன்றுமில்லை. ஆனால் மூன்றாவது மருமகன் வாயைத் திறந்தால் போதும், சுவருக்கு இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் சிரிப்பு வெடிக்கும். பெரியவளின் சிரிப்பு முதலில் விக்கல் மாதிரி ‘இக்’ என்று ஒரு தடவை முட்டும், பிறகுதான் கொட்டும். சின்னவளுடையது தகரத்தில் கல்லைப் போட்ட மாதிரி. இரண்டும் சேர்ந்து விழும்போது, பழைய கூடத்தில் ஒரே பாயில் உட்கார்ந்திருப்பது போல அவளுக்கு இருக்கும். அந்த அரை மணி நேரத்துக்காகத்தான் சமையலை மூன்று மணிக்கே முடித்தாள். யாரிடமும் சொன்னதில்லை. சொன்னால் பைத்தியம் என்பார்கள்.

இப்படி இருக்கும்போதுதான் ஒளிபரப்பை டிஜிட்டலுக்கு மாற்றப்போகிறார்கள் என்று படத்துக்கு அடியில் எழுத்து ஓட ஆரம்பித்தது. கொஞ்ச மாதம் பழையதும் புதியதும் சேர்ந்து வரும், பிறகு ஒரு நாள் மத்தியானம் பழையதை நிறுத்திவிடுவார்கள். மகன் போனில் சொன்னான்.

“அம்மா, புது டீவியும் அதுக்கு டிஜிட்டல் பெட்டியும் அனுப்புறேன். பெரியம்மாவுக்கும் ஒண்ணு சேர்த்து வாங்கிடவா?”

“அவங்களுக்கு எதுக்கு? பழசே நல்லாத்தான் ஓடுது. எனக்கு மட்டும் அனுப்பு.”

சின்னவளின் புத்தி சில நேரம் அவள் பெயரைவிடச் சின்னது.

புது டீவி வந்தது. படம் கண்ணாடி மாதிரி இருந்தது. மருந்துக்கடைக்காரரின் ஒட்டு மீசை ஒட்டு மீசை என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. மூன்றாவது மருமகன் வாயைத் திறக்கப்போகிறான், இவள் சிரிக்கத் தயாராக உட்கார்ந்திருக்கிறாள், அவன் இன்னும் பேசவே இல்லை, அந்தப் பக்கம் ‘இக்’. பிறகு அவன் பேசினான். இவளுக்கும் சிரிப்பு வந்தது, ஆனால் தனியாக வந்தது.

மறுநாளும் அப்படியே. அதற்கு அடுத்த நாளும். அழுகைத் தொடரில் யாரோ மாடிப்படியில் ஏறிக்கொண்டிருக்கும்போதே அந்தப் பக்கம் “ஐயோ, விழுந்துட்டாளே!” என்று சத்தம். இங்கே அவள் இன்னும் ஏறிக்கொண்டிருந்தாள். வேண்டுமென்றே செய்கிறாள் என்று சின்னவளுக்குத் தீர்மானமாகிவிட்டது. எங்கேயோ முன்னாடியே பார்த்துவிட்டு வந்து, புது டீவி வாங்கிய வயிற்றெரிச்சலில் கெடுக்கிறாள். தினமும் அந்தப் புலம்பல் அப்படித்தான் ஆரம்பித்தது. அடங்கக்கூடாது என்று இவளும் குரலை ஏற்றிச் சிரித்தாள்.

இரண்டு மாதம் கழித்து ஒரு நாள், இவள் சிரித்து முடித்த கையோடு சுவரில் பட்டென்று ஒரு அடி விழுந்தது. பதினொரு வருஷத்துக்குப் பிறகு பெரியவளின் குரல்.

“என்னடி, பழிப்புக் காட்டுறியா? நான் சிரிச்சு வாயை மூடறதுக்குள்ள அதே மாதிரி சிரிச்சுக் காட்டுறே! இத்தனை வருஷம் கழிச்சும் ஆசை தீரலையா உனக்கு?”

சின்னவளுக்கு “அக்கா” என்றுதான் முதலில் வாயில் வந்தது. அப்படியே அந்தச் சொல்லை நீட்டியிருந்தால் போதும். ஆனால் வாய் அவளுடைய வாயாயிற்றே.

“என் வீட்ல நான் சிரிக்கிறேன்! உங்ககிட்ட அனுமதி வாங்கணுமா?”

அந்தப் பக்கம் டீவியின் சத்தம் குறைந்தது. அன்றிலிருந்து பெரியவள் சிரிக்கவில்லை. நாலரைக்குப் படம் ஓடும், மெல்லிய முணுமுணுப்பு மட்டும் கேட்கும். ‘இக்’ இல்லை. இவளுடைய தகரச் சிரிப்பும் தானாக நின்றுபோனது. மூன்றாவது மருமகன் என்ன பேசினாலும் அசட்டுத்தனமாகத்தான் இருந்தது.

பிறகு ஒரு நாள் காற்றடித்துப் படம் கட்டம் கட்டமாக உடைந்தது. ஒளிபரப்பு மாற்ற உதவி மையத்திலிருந்து ஒரு பெண் வந்தாள், முப்பது வயதிருக்கும். மாடிக்குப் போய் ஆண்டெனாவைத் திருப்பிக் கட்டிவிட்டு வந்தாள்.

“பழசுல சிக்னல் குறைஞ்சா புள்ளி புள்ளியா வரும், ஆனா ஆள் தெரிவாங்க. இதுல அப்படி இல்லம்மா. வந்தா முழுசா வரும், இல்லேன்னா ஒண்ணுமே வராது.”

“அது கிடக்கட்டும். பக்கத்து வீட்டுல மட்டும் எல்லாம் முந்தி வருதே, அது என்ன?”

அந்தப் பெண் சிரித்துவிட்டாள். சின்னவளைச் சுவரில் காதை வைக்கச் சொன்னாள். அந்தப் பக்கம் செய்தி வாசிப்பவர் வணக்கம் சொன்னார். ஒன்று, இரண்டு. இந்தப் பக்கம் அதே மனிதர் அதே வணக்கம் சொன்னார்.

“பழசுல ஸ்டேஷன்ல பேசினா பேசின மாதிரியே காத்துல வந்து விழுந்துடும். புதுசுல எல்லாத்தையும் எண்ணா மாத்தி, சுருக்கி அனுப்புறாங்க. இந்தப் பெட்டி அதை வாங்கிப் பிரிச்சு அடுக்கி அப்புறம்தான் காட்டும். துணியை மடிச்சு மூட்டை கட்டி அனுப்பினா, பிரிக்க நேரமாகாதா? ரெண்டு செகண்ட், ரெண்டரை.”

“அப்போ அவங்க முந்திச் சிரிக்கலையா?”

“அவங்க சரியாத்தாம்மா சிரிச்சிருக்காங்க. நீங்கதான் லேட்டு.”

சின்னவள் நாற்காலியைத் தேடி உட்கார்ந்தாள். “நான் சிரிச்சது அவங்களுக்கு எப்படிக் கேட்டிருக்கும்?”

“அவங்க சிரிச்சு முடிச்சதும் நீங்க திருப்பிச் சிரிச்ச மாதிரி. ஏன்மா, முகம் ஒரு மாதிரி ஆயிடுச்சு?”

அன்றைக்கே எழுந்து போயிருக்கலாம். போகவில்லை. அவள் வேறொரு கணக்குப் போட்டாள். இன்னும் நாற்பது நாளில் பழைய ஒளிபரப்பு நின்றுவிடும். பெரியவளும் பெட்டி வாங்கித்தானே ஆக வேண்டும்? வாங்கிவிட்டால் இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் வரும். சிரிப்பு தானாகச் சேர்ந்து விழும். எல்லாம் தானாகச் சரியாகிவிடும், இவள் வாயைத் திறக்க வேண்டியதில்லை. நாட்காட்டியில் அந்தத் தேதியைச் சுற்றி வட்டம் போட்டாள்.

அந்த மத்தியானம் சரியாகச் சொன்ன நேரத்துக்கு, அந்தப் பக்கம் பாட்டு பாதியில் அறுந்து ‘உஸ்’ என்று இரைச்சல் எழுந்தது. பெரியவள் அதை அணைக்கவில்லை. ஒரு மணி நேரம் இரைந்தது. பிறகு ‘டக்’.

பெட்டி வரும் வரும் என்று சின்னவள் பத்து நாள் காத்திருந்தாள். வரவில்லை. உதவி மையத்துப் பெண்ணைக் கூப்பிட்டு, பெரியவள் வீட்டுக்கு ஒரு பெட்டி கொண்டுபோய் மாட்டச் சொன்னாள். “அந்த ரெண்டு செகண்ட் விஷயத்தை நீ சொல்லாதே. நான் சொல்லிக்கிறேன்” என்றும் சொல்லி அனுப்பினாள். கால் மணி நேரத்தில் அந்தப் பெண் பெட்டியோடு திரும்பி வந்தாள்.

“வேணாங்கிறாங்கம்மா. யாரு அனுப்பினதுன்னு கேட்டாங்க. நீங்கன்னு சொன்னேன். ‘அனுப்பினவளுக்குக் கால் இல்லையா’ன்னு கேட்டாங்க.”

சின்னவளுக்கு விளங்கிவிட்டது. அது திட்டு இல்லை, கூப்பிடுகிறாள். நாளைக்குப் போகலாம் என்று நல்ல புடவை ஒன்றை எடுத்து வைத்தாள். மறுநாள் தலைவலி. அதற்கு மறுநாள், என்ன சொல்லி ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. மூன்றாம் நாள் காலையில் வாசலில் ஒரு வண்டி நின்றது. பெரியவளின் உடன்பிறந்த தம்பி வந்திருந்தார். இரண்டு துணிப்பெட்டி, ஒரு மூட்டை, ஒரு மின்விசிறி. தனியாக இருக்க முடியவில்லை, வீடு ஒரே அமைதியாக இருக்கிறது என்று போன் செய்திருந்தாளாம். சின்னவள் கதவிடுக்கில் நின்று பார்த்தாள். பெரியவள் வண்டியில் ஏறும் முன் இந்தப் பக்கம் ஒருமுறை திரும்பினாள். சின்னவள் தாழ்ப்பாளில் கையை வைத்தாள். டிரைவர் ஹாரன் அடித்தார்.

எட்டு மாதம் கழித்து மகன் போன் செய்தான். வழக்கம்போலச் “சாப்பிட்டியாம்மா” என்று ஆரம்பிக்கவில்லை. “பெரியம்மா போயிட்டாங்கம்மா” என்றான்.

சின்னவள் பேருந்து பிடித்துப் போனாள். எல்லாம் முடிந்து, வீட்டைக் கழுவி விட்டிருந்தார்கள். கூடத்தில் பெரிய டிஜிட்டல் டீவி இருந்தது. பெரியவளின் தம்பி மனைவி தண்ணீர் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

“அண்ணி தினமும் நாலரைக்கு அந்த மருந்துக்கடைத் தொடர் பார்ப்பாங்க. ஆனா சிரிக்க மாட்டாங்க. சிரிப்பு வந்தா முந்தானையால வாயைப் பொத்திக்குவாங்க, தோள் மட்டும் குலுங்கும். ‘ஏன் அத்தை, நல்லாச் சிரிங்களேன்’னு பிள்ளைங்க சொன்னா, ‘வேணாம், பக்கத்துல பழிப்புக் காட்டுவாங்க’ன்னு சொல்லுவாங்க. எங்க பக்கத்து வீடு பூட்டியில்ல கிடக்கு? என்னமோ வயசான காலத்துல ஏதோ சொல்றாங்கன்னு விட்டுட்டோம்.”

சின்னவள் அந்தத் தண்ணீரைக் குடிக்காமலே எழுந்து வந்துவிட்டாள்.

இப்போது அவள் நாலரைக்கு டீவியைப் போடுவதில்லை. தன்னிடம் வந்துவிடச் சொல்லி மகன் கூப்பிடுகிறான், மாட்டேன் என்கிறாள். சுவரை இடித்துக் கூடத்தைப் பழையபடி ஆக்கித் தருகிறேன் என்றான். அதற்கும் மாட்டேன் என்கிறாள். பால்காரரிடம், துணி தேய்ப்பவரிடம், மீட்டர்காரரிடம் அந்த இரண்டு நொடியைத்தான் விளக்கிக்கொண்டிருக்கிறாள். மூட்டை கட்டுவது, பிரிப்பது, அடுக்குவது, எல்லாம் சரியாகச் சொல்வாள். பெரியவளிடம் சொல்ல வேண்டியதை ஊர் முழுக்கச் சொல்லிவிட்டாள். கேட்டுக் கேட்டு எல்லோருக்கும் அலுத்துவிட்டது. அவளைக் கண்டால் அடுத்த தெரு வழியாகச் சுற்றிப் போகிறார்கள்.

நீங்கள் அப்படிச் செய்யாதீர்கள். ஒரு நாள் போய் அவளைப் பாருங்கள். இரட்டை வாசல் வீடு. பூட்டாத வாசல் அவளுடையது. அழைப்பு மணி வேலை செய்யாது, கதவைத் தட்டுங்கள். ஒருவேளை உங்களைத் திட்டுவாள், கண்டுகொள்ளாதீர்கள். இதையெல்லாம் அவள் மறுபடி முதலிலிருந்து சொல்லும்போது, ஏற்கெனவே தெரியும் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.