திருப்பிக் கொட்டிய மணல்

நேற்றடித்த காற்றில் கடலூர் முதுநகரில் எங்கள் வாசலெல்லாம் மணல். துடைப்பத்தை நீட்டிய மனைவியிடம் அப்புறம் கூட்டுகிறேன் என்றேன். சோம்பேறி என்றாள். அதுவும் உண்மைதான். ஆனால் வாசலில் மணலைப் பார்த்தால் எனக்கு மாலத்தீவு ஞாபகம் வந்துவிடும்.

எட்டாவதோடு படிப்பை நிறுத்திக் கொத்து வேலை பழகியவன் நான். சிதம்பரத்து மச்சான்தான் அங்கே கூட்டிப்போனார். ஒரு பீடி அணைவதற்குள் இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்கு நடந்துவிடலாம், அவ்வளவு சின்னத் தீவு. கடல் வருஷா வருஷம் ஏறுகிறது என்று யாரோ சொல்லிவைத்தார்கள். காலையில் எழுந்ததும் கரைக்கும் எங்கள் கொட்டகைக்கும் நடுவே அடி எண்ணிப் பார்ப்பேன். மச்சான் சிரிப்பார். "கடலு உன்னக் கேட்டுட்டா வரும்?"

ஹசன் பாய் வீட்டில் ஓர் அறை கட்டிக்கொண்டிருந்தோம். மீன்பிடிக்கிறவர். முன்பு சரக்குப் படகில் தூத்துக்குடிக்குப் போய்வந்ததில் தமிழ் வரும். அவர் கடலுக்குப் போயிருந்த ஒருநாள், பெரிய அலை கரையைத் தாண்டி முற்றத்துக்குள் வந்தது. வடிந்தபோது ஒரு சாண் உயரத்துக்கு வெள்ளை மணல், உடைந்த பவளத் துண்டுகள். கடலூரில் வெள்ளம் வடிந்தால் என்ன செய்வோம்? வாரிக் கொட்டுவோம். மண்வெட்டியும் சட்டியுமாக எல்லாவற்றையும் கடலிலேயே கொட்டிவிட்டு, பாய் வந்து மெச்சுவார் என்று உட்கார்ந்திருந்தோம்.

வந்தவர் தலையில் கை வைத்துக்கொண்டார். "தீவு மேல ஏறுறதே இந்த மணலாலதான். அலை கொண்டாந்து குடுத்தத திருப்பிக் குடுத்துட்டீங்களே."

"இவன் எட்டாங்கிளாஸு பாய்" என்றார் மச்சான். அவர் ஐந்தாவது.

பவளம் உடைந்துதான் அந்த மணலாம். கடல் ஏற ஏற, அலை அதை இன்னும் மேலே தூக்கிப் போடுமாம். ஒரு பக்கம் கரைந்து போகிற மணல், காற்று மாறினால் திரும்பி வருமாம். நான் கேட்டுக்கொண்டேன், என் பயம் கேட்கவில்லை. கடலுக்கு நேரே சுவர் வைக்கலாம் என்று நான்தான் ஆரம்பித்தேன். பாய்க்கு இஷ்டமில்லை. "புள்ளைங்க தூங்குற எடம் பாய்" என்று தினம் சொல்லியே ஒத்துக்கொள்ள வைத்தேன். சுவரையும் நானே எழுப்பினேன்.

நான் ஊர் திரும்பிப் பல வருஷம் கழித்து, போன மாதம் பாய் போனில் காட்டினார். சுவர் வைக்காத பக்கத்து வீட்டு முற்றம் ஒரு முழம் உயர்ந்திருக்கிறது. பாய் வீட்டில் நாங்கள் வாரிக் கொட்டிய அன்றைய மட்டமேதான். அவர் படகை இழுத்துப் போடும் கரை இல்லை. சுவரின் அடியிலேயே தண்ணீர்.

"செவுரு ஒரு விரிசல் வுடல" என்றார். குறையாகச் சொல்லவில்லை. "மணலத்தான் காணோம்."