கல் பட்டறைக்கு வந்த ஆறு தொட்டிகள்

மேலூர்ப் பக்கம் ஒரு கிரானைட் பட்டறையில் மூன்று வருஷம் பில் போடும் வேலை பார்த்தேன். விளாங்குடியிலிருந்து இரண்டு பஸ் மாறிப் போக வேண்டும். எங்கள் ஆபீஸ் ஏசி அறை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஷெட். அங்கே கல் அறுக்கிற தூசி நாள் முழுக்க மாவு போலப் பறக்கும்.

ஒரு நாள் முதலாளியின் காரிலிருந்து ஆறு தொட்டிச் செடிகள் இறங்கின. வாள் போல நிமிர்ந்த இலையோடு பாம்புச் செடி நான்கு, மணி பிளான்ட் இரண்டு.

"ரூமுக்குள்ள இருக்கிற அம்புட்டு கெட்ட காத்தையும் இது இழுத்துரும்மா. போன்ல பாத்தேன்" என்றார்.

இலைகளைத் துடைக்கும் வேலையை, ஷெட்டில் தூசி கூட்டும் அக்காவிடம் கொடுத்தார். நாற்பது வயதிருக்கும். முந்தானையால் மூக்கை இறுக்கிக் கட்டியிருப்பார். தினமும் காலையில் வந்து ஒவ்வொரு இலையாக ஈரத்துணியால் துடைப்பார். துடைக்கும்போதே இருமல் வரும். முதலாளி முகம் சுளிப்பாரே என்று வாயைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடுவார். இருமி முடித்து மறுபடி வந்து துடைப்பார். அதைப் பார்த்துக்கொண்டே நான் பில் தட்டிக்கொண்டிருந்தேன். இன்றைக்கு நினைத்தாலும் என் மேலேயே எனக்கு ஆத்திரம் வருகிறது.

ஒரு நாள் அவரே கேட்டார். "ஏந்தங்கச்சி, இதுல ஒண்ண எங்க ஷெட்டுல வச்சா தூசி அடங்குமா?"

"எப்படிக்கா அடங்கும்? கல் அறுக்கிறப்ப மெஷின்ல தண்ணி விட்டாத்தான் அடங்கும்."

"குழா ஒடஞ்சு ஆறு மாசமாச்சு. நாங்களும் எம்புட்டோ தடவ சொல்லிட்டோம்."

அன்று மதியமே முதலாளியிடம் போய்க் குழாயைப் பற்றிச் சொன்னேன். அவர் போனிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "ரெண்டு தொட்டிய அங்கிட்டுத் தூக்கி வைக்கச் சொல்லும்மா. சரியாப் போயிரும்." கேலி இல்லை, நிஜமாகவே சொன்னார்.

வைத்தோம். நான்கே நாளில் இலைகள் சுண்ணாம்பு அடித்தது போல வெளுத்துத் தொங்கின. ஷெட்டுக்கு வந்த முதலாளி அதைப் பார்த்துவிட்டு அக்காவிடம் கத்தினார். "நல்ல செடிய இப்படி ஆக்கி வச்சிருக்கியே! மூச்சு முட்டிச் செத்துரும். உள்ள தூக்கிட்டுப் போ!"

எனக்குக் கோபம் தலைக்கு ஏறிவிட்டது. "செடிக்கு மூச்சு முட்டுறது தெரியுதுல்ல சார்? இந்தக்கா ஆறு மாசமா இதே எடத்துலதான நிக்கிறாங்க?" ஷெட் முழுக்கக் கேட்கிற மாதிரி கத்தினேன்.

ஒரு மெஷின் நின்றது. பிறகு அடுத்தது. நான்கும் நின்றன. கல் அறுத்துக்கொண்டிருந்தவர்களில் ஒருவர் கையைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "குழா மாட்டுங்க மொதலாளி. அப்புறம் ஓட்டுறோம்."

முதலாளி என்னைத்தான் பார்த்தார். "நாளையிலருந்து நீ வர வேணாம்."

மறுநாள் மதியமே குழாய் மாட்டிவிட்டார்கள் என்று அக்கா போனில் சொன்னார். ஒரே நாள் வேலை! அதற்குத்தான் ஆறு மாசம்.

அவரை மதுரையில் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். நெஞ்சைப் படம் எடுத்துப் பார்த்த டாக்டர், இனி தூசிப் பக்கமே போகக் கூடாது என்றார். இப்போது பழங்காநத்தத்தில் ஒரு மெஸ்ஸில் காய் நறுக்குகிறார். என் வீட்டுக்கு வந்தால் ஏழெட்டுப் படி ஏறுவதற்குள் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றுவிடுகிறார். அவருக்கு மூச்சு திரும்புகிற வரை நானும் படியிலேயே பல்லைக் கடித்துக்கொண்டு நிற்கிறேன்.